பக்கத்து ரூம்ல இருக்கேன்!

ஹாஸ்டல் கதவுல 'பக்கத்து ரூம்ல இருக்கேன்'னு சீட்டு ஒட்டிட்டுப் போவோமே... அந்தச் சீட்டைப் பிய்ச்சு மெஸ் கதவுல ஒட்டிப் பாருங்க. தேடி வர்றவன் நேரா அரிசி மூட்டை முன்னாடி போய் நிப்பான்!

லினக்ஸ்ல ரிலேட்டிவ் சிம்பாலிக் லிங்க்கும் இதே சீட்டுதான். உள்ளே இருக்கிறது வெறும் ஒரு பாதை. அதை எங்கேருந்து எண்ணணும்? நீங்க நிக்கிற இடத்திலிருந்து இல்லை பாஸ், சீட்டு ஒட்டியிருக்கிற கதவிலிருந்து!

இது தெரியாம நான் வாங்கின பல்பு இருக்கே... மினி புராஜெக்ட்டுக்கு லேப் சர்வரை அன்சிபிள் வெச்சு செட் பண்றது என் வேலை. கோடிங் முழுக்க ரூம்மேட். முதல்ல லிங்க்குக்கு '/ஹோம்/'னு ஆரம்பிச்சு என் லேப்டாப்போட முழு அட்ரஸையும் கொடுத்தேன். சர்வர்ல அப்படி ஒரு வீடே கிடையாது. சரி, ரிலேட்டிவா மாத்துவோம்னு இறங்கினேன்.

'ஆப்' ஃபோல்டர்ல நிக்கிற நினைப்புல 'ஷேர்டு/டிபி.கான்ஃப்'னு கொடுத்துட்டேன். ஆனா, லிங்க் உட்கார்ந்திருந்தது 'ஆப்/கான்ஃபிக்' உள்ளே. அது 'ஆப்/கான்ஃபிக்/ஷேர்டு'னு இல்லாத ஊருக்கு வழி தேடுது! முன்னாடி ரெண்டு புள்ளி, ஒரு சாய்வுக்கோடு போட்டு ஒரு படி மேலே ஏத்தியிருந்தா கதை முடிஞ்சது.

பாவம், அன்சிபிள் சொல்லத்தான் செஞ்சது. 'அந்த ஃபைலே இல்லை, அப்படியும் லிங்க் வேணும்னா ஃபோர்ஸ் போடு'ங்கிற மாதிரி ஒரு எர்ரர். நாம யாரு? போட்டேன். மஞ்சள் கலர்ல 'சேஞ்ச்டு'னு வந்துச்சு, நிம்மதியா தூங்கிட்டேன்.

மறுநாள் ரிவ்யூல டேட்டாபேஸ் கனெக்ட் ஆகலை. திட்டு முழுக்க ரூம்மேட்டுக்கு. ராத்திரி 2 மணி வரைக்கும் தன் கோடை வரி வரியா நோண்டிட்டு இருந்தான். 'எல்எஸ் -எல்' அடிச்சா லிங்க் இருக்கு, அம்புக்குறி இருக்கு, எல்லாம் ஒழுங்காத்தான் தெரியுது. 'கேட்' போட்டு ஃபைலைத் திறக்கப் பார்த்தப்பதான் எனக்குப் பகீர்னுச்சு.

உடைஞ்ச லிங்க்கை முன்கூட்டியே பிடிக்க 'ஃபைண்ட் . -எக்ஸ்டைப் எல்' போதும். கையால லிங்க் போடுறவங்க 'எல்என் -எஸ்'கூட ஒரு 'ஆர்' சேர்த்துக்கங்க, லினக்ஸே பாதையைக் கணக்குப் போட்டுக்கும். அன்சிபிள்ல அந்தச் சொகுசு இல்லை. கணக்கு நம்மளோடது.

அன்னிக்கு அவன் தூங்கினப்புறம் லிங்க்கைச் சரி பண்ணிட்டு, 'சர்வரை ரீஸ்டார்ட் பண்ணேன்டா, ஓடுது'னு சொல்லிட்டேன். இன்னி வரைக்கும் அதைத்தான் நம்பிட்டு இருக்கான்.

மாப்ளே, நீயும் இந்தப் பக்கத்தைப் படிப்பேன்னு தெரியும். தேடாதே... கதவுல சீட்டு ஒட்டியிருக்கேன்!