அரை டேங்க் அறிவியல்

வெயில் ஏறத் தொடங்கியதும் விருதுநகர் மாவட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் எச்சரிக்கை தவறாமல் வந்துவிடும். வண்டியில் பெட்ரோலை முழுதாக நிரப்பாதீர்கள், வெப்பத்தில் டேங்க் வெடித்துவிடும், பாதியோடு நிறுத்துங்கள், தினம் ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த ஆவியை வெளியே விடுங்கள் என்கிறது அது. இந்த வாரம் மட்டும் ஐந்து வண்டிகள் வெடித்தனவாம். எந்த ஊரில் என்று சொல்வதில்லை. வருடாவருடம் அதே ஐந்துதான். அடியில் இந்தியன் ஆயில் பெயர் வேறு. தயாரிப்பாளர் குறித்த அளவுவரை எந்தப் பருவத்திலும் நிரப்பலாம் என்று சொல்லி அந்த நிறுவனமே இதை மறுத்தாயிற்று. மறுப்பை மட்டும் யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை.

சூடேறினால் பெட்ரோல் விரியும் என்பது மெய். 10 லிட்டர், 20 டிகிரி கூடுதல் வெப்பத்தில் ஏறத்தாழ 200 மில்லி கூடும். அதற்கென்றே டேங்க்கில் இடம் விட்டிருக்கிறார்கள். மூடிவரை தளும்ப ஊற்றினால் கசியும், அவ்வளவுதான். பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ள சுமார் 250 டிகிரி வேண்டும். சாத்தூரின் அக்னி நட்சத்திரம் 40ஐ ஒட்டியே நிற்கிறது. பொறியே விழுந்தாலும், காற்றில் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் எரியும். பெட்ரோல் கிடக்கும் மூடிய டேங்க்கில் ஆவி அதைவிட மிக அதிகம், காற்று போதாது. வேறு ஊர்க்காரர்களுக்கு இது தெரியாவிட்டால் பரவாயில்லை. சிவகாசியும் திருத்தங்கலும் வெம்பக்கோட்டையுமா நம்புவது? இறுக்கக் கட்டிய வெடிக்குள் காற்றே இல்லாமல் மருந்து எப்படி வெடிக்கிறது என்பது இங்கே தொழில் ஞானம். வெடியுப்பு மருந்துக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னோடு வைத்திருக்கிறது. கந்தகமும் அலுமினியப் பொடியும் வெளிக்காற்றுக்குக் காத்திருப்பதில்லை. பெட்ரோலுக்கு அந்த வசதி கிடையாது. பெரிய பட்டாசு ஆலைகளுக்கும் பெட்ரோல் பங்க்குகளுக்கும் உரிமம் தருவது ஒரே மத்திய அமைப்புதான். சிவகாசியிலேயே அதற்கு அலுவலகம் உண்டு. பட்டாசுக்கு 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், பெட்ரோலுக்கு 2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகள் என்று அது தனித்தனியாக வைத்திருப்பது பொழுதுபோகாமல் அல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை மறக்காத வட்டாரம் இது. மருந்து அறையில் உராய்வுக்கு அஞ்சுவது உயிர் காக்கும். அதே அச்சத்தை ஸ்கூட்டர் டேங்க்கின் மேல் ஏற்றினால், அஞ்ச வேண்டிய இடம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அந்த இடத்தையும் எச்சரிக்கையே உண்டாக்கித் தருகிறது. தினமும் மூடியைத் திறக்கச் சொல்கிறதே, அப்போதுதான் ஆவி வெளியே வந்து காற்றோடு கலக்கிறது. உள்ளே எரிய முடியாத ஒன்றை எரியும் அளவுக்கு நீர்த்துப்போகச் செய்து, அடுப்போ பீடியோ இருக்கக்கூடிய வாசலில் உலவ விடுவதற்குப் பெயர் பாதுகாப்பாம்! டேங்க்குக்கு வெல்டிங் வைக்கும் பட்டறைக்காரரைக் கேளுங்கள். பெட்ரோலை வடித்துவிட்ட காலி டேங்க்குக்குத்தான் அவர் பயப்படுவார். அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பைக் கிட்டே கொண்டுபோவார்.

அதிகாலையில் போட்டால் அளவு கூடுதலாகக் கிடைக்கும் என்பது இதன் ஒன்றுவிட்ட தம்பி. பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருப்பதால் விடியலும் உச்சிவேளையும் அதற்கு ஒன்றுதான். முழுதாக நிரப்பலாம் என்றால், கூலி வாங்குகிறவர் எப்படி முழு டேங்க் போடுவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நூறு ரூபாய்க்கு மட்டும் போடுகிறவர் பையைப் பார்த்துப் போடுகிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பணம் இருப்பவரும் வெடிக்குப் பயந்து அரையோடு நிறுத்தி, முள் அடியைத் தொட்ட பிறகு ஏழாயிரம்பண்ணை பக்கம் பங்க் தேடுவதை எதில் சேர்ப்பது? 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் இருசக்கர வண்டிகளிலும் பெரும்பாலும் ரிசர்வ் குமிழ் போய், டேங்க்குக்குள்ளேயே மின் பம்ப் வந்துவிட்டது. அந்தப் பம்ப்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றி நிற்கும் பெட்ரோல். எப்போதும் அடிமட்டத்திலேயே ஓட்டினால் பம்ப் சூடேறித் தேயும், காற்றை இழுக்கும், நாற்கர சாலையின் நடுவில் வண்டி நிற்கும். நாசில் தானாக நிற்கும்வரை போட்டுக்கொண்டு கிளம்பியவருக்கு இந்த வேலை இல்லை.