ஒரு சிறுமி, ஏழு மேசைகள்

பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுமி முதலில் அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்கிறாள். பிறகு மகளிர் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, மாஜிஸ்திரேட், குழந்தைகள் நலக் குழு, கவுன்சலர், கடைசியில் போக்சோ நீதிமன்றம். ஏழு இடம், ஏழு முறை அதே கதை.

சட்டம் இதைக் கேட்கவில்லை. 2012-ன் போக்சோ சட்டப்படி, முடிந்தவரை பெண் போலீஸ் அதிகாரியே, சீருடையில்லாமல், குழந்தை இருக்கும் இடத்துக்கோ விரும்பும் இடத்துக்கோ போய் வாக்குமூலம் வாங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். சாட்சியம் சொல்லக் குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது.

ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு துறையும் தன் வேலையை முடித்துக் கோப்பை அனுப்பிவிடுகிறது. கோப்பு போகும், கூடவே குழந்தையும் போக வேண்டியிருக்கிறது. குற்றவாளி சம்பாதிக்கும் அப்பாவோ மாமாவோ என்றால் நிலைமை இன்னும் மோசம். சம்மன் வருவதற்கு முன்பே வீட்டில் அரிசி தீர்ந்துவிடும். சாப்பாடு, உடை, போக்குவரத்துச் செலவுக்கு உடனடி நிதியைக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம், பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்று 2020-ன் போக்சோ விதிகள் சொல்கின்றன. அந்த விதியைக் குடும்பத்துக்குச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், அம்மா கூண்டில் ஏறி ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்பார். நாம் அதைப் பிறழ் சாட்சி என்று எழுதிக்கொள்வோம்.

அந்த ஆள்தான் போக்சோ விதிகள் சொல்லும் ஆதரவு நபர், வழக்கு நெடுகக் குழந்தைக்குத் துணை நிற்பவர். இவரை நியமிப்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் இவருக்குப் பதவியும் இல்லை, நாற்காலியும் இல்லை. அடுத்த வாய்தா என்றைக்கு என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டால், ‘நீங்க யாரும்மா?’ என்ற பதில் கிடைக்கலாம்.

1985-ல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் பட் கிரேமர் என்ற அரசு வழக்கறிஞர், குழந்தை மேசை மேசையாக அலையும் முறையைத் திருப்பிப் போட்டார்: போலீஸும் மருத்துவரும் வழக்கறிஞரும் குழந்தை இருக்கும் இடத்துக்கு வரட்டும். ஹைதராபாத்தில் 2016-ல் தொடங்கிய ‘பரோசா’ மையமும் அந்த வழியில்தான் போகிறது. கட்டடம் நல்லதுதான், திறப்புவிழாவுக்கும் வசதி. ஆனால் நான் முதலில் கேட்பது செலவில்லாத ஒன்றை. ஆதரவு நபர் குழந்தைகள் நலக் குழுவுக்கு மாதாமாதம் தர வேண்டிய அறிக்கையை வைத்து, போலீஸ், மருத்துவர், அரசு வழக்கறிஞர் எல்லோரும் மாதம் ஒருநாள் ஒரே மேசையில் உட்காரட்டும். கவுன்சலரிடம் குழந்தை அழுது சொன்னதெல்லாம் அங்கே வர வேண்டாம். அது கேஸ் டைரிக்கான சரக்கல்ல. நிதி வந்ததா, பள்ளிக்குப் போகிறாளா, வாய்தா என்றைக்கு? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் யாரும் எழுந்து போகக் கூடாது.