கொல்லை மண்ணுக்கும் சோதனை தேவை

கடலோரமான விம்கோ நகரில் கொல்லை மணல் நீரைத் தாங்காது. பல கிணறுகளில் நீரும் உப்புக் கரிக்கும். மக்கிய தொழு உரம் தாராளமாக இட்டால் மணல் திருந்தும். கத்தரியும் கொத்தவரையும் காய்க்கும். ஆனால் ஆலைகள் சூழ்ந்த இடத்தில் உப்பு மட்டுமே குறை அல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் வட்டார வீடுகளுக்குள் எண்ணெய்க் கழிவும் புகுந்தது.

ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் சேர்ந்துவிட்டால் எந்த எருவும் அவற்றைப் போக்காது. காய்களைவிடக் கீரையும் கிழங்கும் அவற்றை அதிகம் ஏற்கும். 2015இல் வந்த மண்வள அட்டை 12 அளவுகளைச் சொல்கிறது; இவ்விரண்டும் அதில் இல்லை. ஆலையருகே பயிரிடும் சிறு விவசாயிகளுக்கும் இதே நிலைதான். இச்சோதனைக்கு அரசு வகை செய்ய வேண்டும். அதுவரை வெளியூர்ச் செம்மண் நிரப்பிய சாக்கிலோ தொட்டியிலோ கீரை வளர்ப்பதே நலம்.