கதவை அடைப்பது காவல் அல்ல

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்." பெண்கள் விடுதியின் கதவு மாலை ஆறரைக்கே அடைக்கப்படும்போதும், துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தச் சொல்லும்போதும், மாணவனோடு பேசினாள் என்று ஒருத்தியின் வீட்டுக்குப் போன் போடும்போதும் நம் கல்லூரிகள் சொல்லும் விளக்கம் இது ஒன்றுதான். பெற்றோர் இதை நம்புகிறார்கள். ஆசிரியர்கள் நம்புகிறார்கள். மாணவிகளிலும் பலர் நம்புகிறார்கள். நம்பாமல் கேள்வி கேட்பவளுக்குத் 'திமிர் பிடித்தவள்' என்ற பெயர் அன்றைக்கே கிடைத்துவிடுகிறது.

இந்த நம்பிக்கை தவறு. பெண்ணுக்கு மட்டும் போடப்படும் விதி அவளைக் காப்பதில்லை. அவளிடம் அத்துமீறுபவனைத்தான் அது காக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒரு மாணவியிடம் ஒருவன் தவறாக நடந்துகொள்கிறான். அவள் புகார் சொல்லப் போனால் முதலில் எழும் கேள்வி, "அந்த நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை?" என்பதே. நேரம் கடந்து வந்தது, உடன் ஒரு நண்பன் இருந்தது, கையில் போன் வைத்திருந்தது என எல்லாமே அவள் செய்த குற்றங்களாகிவிடும். வீட்டுக்குத் தகவல் போகும். படிப்பு நிறுத்தப்படும். இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும், அதனால் வாய் திறக்க மாட்டாள். அவள் திறக்க மாட்டாள் என்பது அவனுக்கும் தெரியும்.

2017 செப்டம்பரில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் இதுதான் நடந்தது. மாலை நேரத்தில் வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பைக்கில் வந்தவர்களால் சீண்டப்பட்டாள். காவலர்கள் உதவவில்லை, இந்த நேரத்தில் ஏன் வெளியே வந்தாய் என்றுதான் கேட்டார்கள் என்று மாணவிகள் சொன்னார்கள். மறுநாள் அவர்கள் பல்கலைக்கழக வாயிலில் அமர்ந்தார்கள். வளாகத்தில் விளக்கு வேண்டும், கேமரா வேண்டும், புகாரை மதித்துக் கேட்க ஆள் வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. செப்டம்பர் 23 இரவு அவர்கள் மீது தடியடி நடந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களை உள்ளே அடைத்த நிர்வாகம், அதே பெண்கள் பாதுகாப்பு கேட்டபோது தடியைத்தான் காட்டியது.

சென்னைக்கு வருவோம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி ஒருவர் வளாகத்துக்குள்ளேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கையோ ஊர் முழுக்கக் கசிந்தது. அந்த அறிக்கை எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவரைப் பழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தத் தண்டனையைப் பெற்றுத் தந்தது எந்த விடுதிக் கதவும் அல்ல, ஒரு மாணவி கொடுத்த புகார். அந்தப் புகாரைக் கொடுப்பதற்கான துணிச்சலைத்தான் நம் விதிகள் ஒவ்வொரு நாளும் நசுக்குகின்றன.

விடுதிகள் போடும் போன் தடையும் இப்படித்தான். 2018-இல் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த உதவிப் பேராசிரியையை அம்பலப்படுத்தியது ஒரு போன் உரையாடலின் பதிவு. 2024-இல் அந்த வழக்கில் அவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பதிவு இல்லாமல் போயிருந்தால் மாணவிகள் சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்? விடுதியில் போனுக்கு விதித்த நேரக் கட்டுப்பாட்டை ஏற்காததால் வெளியேற்றப்பட்ட கோழிக்கோட்டுப் பக்கத்து மாணவி ஒருவர் 2019-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது, அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளவும் உத்தரவிட்டது.

2022-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகளும் அதே நீதிமன்றத்தை நாடினார்கள். இரவு ஒன்பதரைக்குமேல் வெளியே போகக் கூடாது என்ற விதி தங்களைத்தான் கட்டுகிறது, ஆண்களை அல்ல என்பது அவர்களின் வாதம். நள்ளிரவில் அவசரப் பிரிவில் நின்று உயிர் காக்கப் போகிறவர்கள் அவர்கள். அந்த வழக்கில் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகம், மூளை முழுமையாக முதிர்வது 25 வயதில்தான் என்று வாதிட்டது. பதினெட்டில் வாக்களித்து அரசைத் தேர்ந்தெடுக்கலாம், இருபத்து மூன்றில் நூலகத்திலிருந்து தனியாகத் திரும்பக் கூடாதா? முதிர்ச்சிதான் காரணம் என்றால் அதே வயது மாணவனின் மூளை மட்டும் எப்போது முதிர்ந்தது? தொல்லை தருவது ஆண்கள் என்றால் அவர்களையல்லவா பூட்ட வேண்டும் என்று நீதிபதி தேவன் ராமச்சந்திரன் கேட்டார். அந்த டிசம்பரிலேயே இருபாலருக்கும் ஒரே விதி என்று கேரள அரசு ஆணை பிறப்பித்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தில் கனமானது ஒன்று உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணின் தகப்பனார், "ஹாஸ்டல் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று கேட்ட பிறகுதான் மகளை அனுப்பச் சம்மதிக்கிறார். கெடுபிடியைத் தளர்த்தினால் அவள் வீட்டோடு நின்றுவிடுவாள் என்கிறார்கள். அந்தத் தகப்பனாரின் பயம் உண்மையானது. ஊர் என்ன பேசும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தைக் கல்லூரிகள் சேர்க்கைக்கான விளம்பரமாக்கிவிட்டன என்பதுதான் என் குற்றச்சாட்டு. பூட்டு வாங்கச் செலவு குறைவு. தெருவிளக்கு, இரவுப் பேருந்து, பயிற்சி பெற்ற பெண் காவலர், நேர்மையான புகார்க் குழு ஆகியவற்றுக்குப் பணமும் வேண்டும், மனமும் வேண்டும். செலவு குறைந்ததைச் செய்துவிட்டு அதற்கு அக்கறை என்று பெயர் வைக்கிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள் இதைத் தெளிவாகவே தடுக்கின்றன. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதியில் இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் போடக் கூடாது என்கின்றன. உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், மாணவர்கள் தொடர்பான புகார் என்றால் தேர்தல் மூலம் வந்த மூன்று மாணவப் பிரதிநிதிகள் அதில் அமர வேண்டும், விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும் என்கின்றன. எத்தனை கல்லூரிகளில் மாணவிகளுக்கு அந்தக் குழுவின் உறுப்பினர் யார் என்று தெரியும்? விடுதிக் கதவு அடைக்கும் நேரம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

பெண்ணுக்கு மட்டும் போடப்படும் விதிகளைப் பார்த்து வளரும் மாணவன் என்ன கற்கிறான்? பள்ளியில் வகுப்பறையைக் கூட்டுவது பெண் பிள்ளைகள். கல்லூரி விழாவில் பட்டுப்புடவை கட்டிப் பன்னீர் தெளிக்க நிற்பதும் அவர்களே. ஆறரைக்கு உள்ளே போக வேண்டியவர்களும் அவர்களே. இருட்டும் தெருவும் தனக்கு மட்டுமே உரியவை, அங்கே நிற்கும் பெண் எல்லை மீறி வந்தவள் என்ற பாடம் அவனுக்குள் சொல்லாமலே இறங்குகிறது. 2022 ஜூலையில் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி அருகே இருந்த பேருந்து நிறுத்த நீள்பெஞ்சை, ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரக் கூடாது என்று தனித்தனி இருக்கைகளாக வெட்டிப் போட்டார்கள். மாணவர்களும் மாணவிகளும் ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்து படம் எடுத்து வெளியிட்டார்கள். மேயர் நேரில் வந்து, எல்லோருக்குமான புதிய நிழற்குடை கட்டித் தருவதாக அறிவித்தார். அந்தப் படத்தில் ஆண்களும் இருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாகுபாட்டை எதிர்ப்பது பெண்ணின் வேலை மட்டும் அல்ல என்று அந்த இளைஞர்கள் செய்து காட்டினார்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மகளைச் சேர்க்கப் போகும்போது, கதவை எத்தனை மணிக்கு அடைப்பீர்கள் என்று கேட்காதீர்கள். புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அதில் மாணவர்கள் உண்டா, என் மகள் புகார் கொடுத்தால் நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள் என்று கேளுங்கள். மகனைச் சேர்க்கப் போகும்போதும் இதையே கேளுங்கள். பதில் சொல்லத் திணறும் கல்லூரி எத்தனை பூட்டு வைத்திருந்தாலும் அங்கே உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை.