நான்காம் நாள் முளைத்த காளான்

 

சென்ற ஐப்பசியில் ஆவடியில் அடைமழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுது. பத்து வயதுப் பேரன் கொல்லையிலிருந்து ஓடி வந்தான். அவன் கையில் வெண்குடை போன்ற ஆறேழு காளான்கள். "நன்னி! நாலாவது நாளே வந்துடுச்சு பாருங்க. ஆணம் வெச்சுத் தாங்க!" என்றான்.

மதிலோரம் வெட்டிப் போட்டிருந்த தூங்குமூஞ்சி மரத்துண்டில் முளைத்தவை அவை. "நாலாவது நாள்" என்ற கணக்கு அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? எரிக் பரோன் என்ற அமெரிக்கர் தனியொருவராக உருவாக்கி 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவு விளையாட்டிலிருந்துதான். 2024இல் அதில் காளான் மரக்கட்டை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். மரங்களுக்கிடையே அதை வைத்துவிட்டால் நான்கு நாட்களுக்கொரு முறை காளான் கிடைக்குமாம். தீய காளானைத் தின்றால் விளையாட்டு வீரனுக்குத் தெம்பு சற்றுக் குறையும். வேறொன்றை உண்டால் தேறிவிடுவான்.

பிள்ளையைக் குறை கூறி என்ன பயன்? அந்தக் காளான்களைக் கழுவித் தட்டில் வைத்தவள் நானல்லவா! சிறுவயதில் தின்ற காளான் போலவே இருக்கிறதே என்று எண்ணினேன். அடுப்பருகே என் கையைப் பிடித்துத் தடுத்தவர் என் மருமகள். அல்லாஹ் காத்தான்.

சகோதரிகளே! வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்ல காளான், புழு அரித்திருந்தால் நல்ல காளான் என்றெல்லாம் நாம் கேட்டு வளர்ந்தவை எவையும் நம்பத்தக்கன அல்ல. சில நச்சுக் காளான்களின் விஷம் கொதிக்க வைத்தாலும் அழியாது. உண்டு ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு குணமானது போலத் தோன்றும். அதற்குள் கல்லீரல் பழுதாகிக்கொண்டிருக்கும். ஐயத்திற்குரிய காளானை யாரேனும் உண்டுவிட்டால், அறிகுறிக்குக் காத்திராமல், மீதமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஆயினும் பிள்ளையின் ஆவலை அணைத்துவிட எனக்கு மனமில்லை. விளையாட்டு சொல்வது முழுப் பொய்யுமன்று. காளானுக்குப் பச்சையம் இல்லை. மட்கும் மரத்தையும் சருகையும் உண்டே அது வாழ்கிறது. ஜப்பானியர் ஓக் மரக்கட்டைகளில் துளையிட்டு, வித்திட்டு, ஷிடாகே காளானை வளர்க்கின்றனர். ஆனால் அங்கே முதல் அறுவடைக்கு ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும், நான்கு நாட்களன்று!

நமக்கு ஏற்றது சிப்பிக் காளான். இயற்கையில் பட்ட மரத்தில் முளைக்கும் அதற்கு நம்மூரில் வைக்கோலே போதும். வைக்கோலைச் சிறு துண்டுகளாக்கி நான்கைந்து மணி நேரம் ஊறவையுங்கள். பின்னர் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெந்நீரில் வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்திற்கு உலர்த்துங்கள். பாலிதீன் பையில் வைக்கோலும் காளான் வித்துமாக அடுக்கடுக்காக நிரப்பிக் கட்டி, பையில் சில துளைகளிட்டு, இருண்ட குளிர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். 15 முதல் 20 நாட்களில் வெண்ணிற இழை பை முழுதும் பரவும். பிறகு காற்றோட்டமும் மங்கிய ஒளியும் தந்து, நாள்தோறும் நீர் தெளித்தால் மொட்டுகள் தோன்றும். நம் பகுதிக்குக் கார்த்திகை முதல் தை வரை உகந்த காலம். கோடைக்கு வெப்பம் தாங்கும் பால் காளான் உண்டு. வித்தை நம்பகமான இடத்தில் மட்டுமே வாங்குங்கள். திருவள்ளூர் மாவட்டம் திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி விவரம் கேட்கலாம்.

எங்கள் முதல் பையில் பச்சைப் பூசணம் படர்ந்து வீணாயிற்று. வைக்கோல் சரியாக வேகவில்லை. பேரன் அழுதான். இரண்டாம் பையில் இருபத்து மூன்றாம் நாள் மொட்டு விட்டது. ஒவ்வொரு நாளும் எண்ணிக் காத்திருந்தவன் அவன். அன்று வைத்த ஆணத்தை அவனே அனைவருக்கும் பரிமாறினான்.

உங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் என்ன விளையாடுகிறார்கள் என்று ஒருநாள் அருகமர்ந்து கேளுங்கள். அதில் கற்றதை அவர்கள் கொல்லையில் செய்து பார்க்கும் முன் நாம் அறிந்திருப்பது நலம்.