காகிதத்தில் அழுவோம்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இக்காலத்தில் வாயால் அழுதால் போதாது; காகிதத்தில் அழ வேண்டும் என்பது என் கருத்து.

கே.ஜி.கண்டிகையில் என் மாமா கடன் வாங்கிப் புதுக் கார் எடுத்தார். திருத்தணி மலைக்கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்று அவரே வாடகைக்கு ஓட்டுகிறார். இரண்டாம் வாரமே மலைப்பாதையில் எஞ்சின் கொதித்து நின்றது. மூன்று முறை கம்பெனிப் பட்டறைக்குப் போனது. "ஓட்டுகிற லட்சணம் அப்படி" என்றார்கள். "வாடகை வண்டிக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது" என்றும் சொன்னார்கள். மாமா தலைகுனிந்து திரும்பினார்.

இது உண்மையா? இல்லவே இல்லை! பிழைப்புக்காகத் தானே ஓட்ட வண்டி வாங்குபவரும் நுகர்வோரே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் சுயதொழில் செய்வோரைக் கைவிடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள், சொந்த மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை.

புது வண்டியே கிடைக்கும் என்று கனவு காணவும் கூடாது. கிளட்ச் பழுதான கார் வழக்கொன்றில், உத்தரவாதப்படி பழுதான பாகத்தை மாற்றினால் போதும் என்று 2006-இல் அதே நீதிமன்றம் கூறியது.

எதற்கும் சான்று வேண்டுமே! மாமாவிடம் ஒரு சீட்டுகூட இல்லை. நான்காம் முறை நானும் சென்றேன். பழுதைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் கேட்டேன். அன்றுதான் தண்ணீர் பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள், மாற்றியும் தந்தார்கள்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நண்பர்களே! நம் படிப்பு உத்தியோகத்துக்கு மட்டுமா? நம் பெரியவர்களின் குறையை எழுதிக் கொடுக்கவும்தானே!