போர்ஷே பையனுக்குக் கட்டுரை... எக்ஸெல் பையனோட அப்பாவுக்கு?

சொந்தங்களே, பெரிய பதிவுதான். வீட்ல பதினெட்டு வயசு ஆகாத தம்பி இருந்தா முழுசாப் படிங்க.

2024 மே 19, பூனே. 17 வயசுப் பையன் ஓட்டின போர்ஷே கார் மோதி ரெண்டு பேர் செத்தாங்க. ரெண்டு பேரும் நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சு ஐடி வேலைக்குப் போனவங்க. கோடிக்கணக்குல விலை போற அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவே இல்ல, கட்டாம விட்ட பாக்கி 1,758 ரூபாய்! சிறார் நீதி வாரியம் அன்னைக்கே ஜாமீன் கொடுத்துச்சு. நிபந்தனை என்னன்னா, சாலை விபத்து பத்தி 300 வார்த்தையில ஒரு கட்டுரை எழுதணும். நாடே காறித் துப்பின பிறகுதான் அப்பா கைதானாரு.

இப்ப நம்ம கொல்லிமலைக்கு வாங்க.

வளப்பூர் நாட்டுலயோ அரியூர் நாட்டுலயோ ஒரு பத்தாவது படிக்கிற பையன். காலையில மிளகு மூட்டைய எக்ஸெல்ல வெச்சு செம்மேடு கொண்டு போறான். ஒரு பஸ்ஸ விட்டா அடுத்த பஸ் எப்போன்னு தெரியாத ஊரு. அவன் பண்றது தப்புதான். நானும் பதினஞ்சு வயசுல அப்பாவோட எக்ஸெல்ல எடுத்து ஓட்டினவன்தான், அதனால யோக்கியன் மாதிரி பேச வரல. ஆனா அவன் யார் மேலயாவது மோதிட்டா என்ன ஆகும்னு யோசிச்சிருக்கீங்களா?

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 199ஏ. 2019 செப்டம்பர் 1 முதல் அமல்ல இருக்கு. மைனர் வண்டி ஓட்டி குற்றம் பண்ணா அப்பாவோ வண்டி ஓனரோதான் குற்றவாளி. 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டியோட ஆர்சி 12 மாசத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் எல்எல்ஆர் கூடக் கிடையாது. டிரைவர் வேலையையே நம்பி இருக்கிற நாமக்கல் மாவட்டத்துல 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் இல்லன்னா அவன் என்ன பண்ணுவான்? "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்"னு அப்பா சொன்னா, அதை நிரூபிக்க வேண்டியதும் அவர்தான்.

அடுத்தது இன்சூரன்ஸ். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குங்க, பாத்துக்கலாம்"ங்கிறாங்க. என்னத்தப் பாத்துக்கிறது? லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டியிருந்தா, கோர்ட் சொன்னபடி கம்பெனி முதல்ல பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணம் கட்டும். அப்புறம் அதே பணத்த வசூலிக்க உங்க வீட்டு வாசலுக்கு வரும். 2011-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஒரு மைனர் பையன் வழக்குல இதுதான் நடந்துச்சு. இன்சூரன்ஸே காலாவதின்னா மொத்தத் தொகையும் நேரா ஓனர் தலையில. காடு கரைய வித்தாலும் ஆகாது.

காலாவதின்னதும் ஞாபகம் வருது. 2018 செப்டம்பர்ல இருந்து புது பைக் வாங்கும்போதே 5 வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி போட்டுத் தர்றாங்க, காருக்கு 3 வருஷம். அந்த அஞ்சு வருஷம் முடிஞ்சது யாருக்கும் தெரியறதில்ல. 2022 கட்டணப்படி எக்ஸெல் 100 மாதிரி வண்டிக்கு வருஷம் 714 ரூபாய், வரி தனி. அவ்வளவுதாங்க.

சரி, 16 வயசுப் பையனுக்கு சட்டத்துல வழியே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு! அப்பா அம்மா சம்மதத்தோட, 50 சிசிக்கு மேல போகாத கியர் இல்லாத வண்டி ஓட்டலாம். டிவிஎஸ் ஃபிப்டியும் லூனாவும் ஓடின காலத்துல, 1988-ல எழுதின சட்டம். இப்ப எந்த ஷோரூம்ல போய் 50 சிசி பெட்ரோல் வண்டி கேப்பீங்க? எக்ஸெல்லே 99.7 சிசி. லைசென்ஸ் வேண்டாத 250 வாட் பேட்டரி வண்டிய 70 கொண்டை ஊசி வளைவுல ஏத்திக் காட்டுங்க பாப்போம். 2019-ல அபராதத்த மட்டும் உயர்த்தத் தெரிஞ்சவங்களுக்கு இந்த வரிய மாத்தத் தெரியல. டெல்லியில உக்காந்து சட்டம் போட்டா இப்படித்தான் இருக்கும்.

பதினெட்டு முடிஞ்சவனுக்கும் கஷ்டம்தான். டெஸ்ட்டுக்கு சோளக்காடு தாண்டி, காரவள்ளி இறங்கி, கீழ போய் ஒரு நாள் கூலிய விடணும். வண்டி கோளாறுன்னு திருப்பி அனுப்பிட்டா இன்னொரு நாள். நாம கேக்கறது பெருசு இல்ல. செம்மேட்டுல மாசம் ஒரு நாள் லைசென்ஸ் முகாம் நடத்துங்க, அன்னைக்கே இன்சூரன்ஸ் புதுப்பிக்க ஒரு டேபிள் போடுங்க. பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ் விடுங்க. பஸ் வந்தா பாதிப் பசங்க சாவியத் தொடவே மாட்டாங்க.

கடைசியா நம்மாளுங்களுக்கு ஒண்ணு. திட்டினாலும் பரவால்ல. போன பைக் பேரணி வீடியோவ எடிட் பண்ணதே நான்தான். மீசை முளைக்காத முகம் எத்தனைன்னு ஃபிரேம் ஃபிரேமா பாத்தேன். நம்ம கொடிய வண்டியில கட்டிட்டா அவனுக்கு வயசு பதினெட்டு ஆயிடாது. ஒன்றியப் பொறுப்பாளர் அண்ணன்மார்களே, அடுத்த பேரணியில லைசென்ஸ் காட்டாதவனுக்கு வண்டி வேண்டாம், நடந்து வரட்டும். நம்ம வீட்டுப் பையன நாமளே தடுக்கலன்னா போர்ஷே அப்பாவக் கேள்வி கேக்க நமக்கு என்ன அருகதை?

இப்பவே ஆர்சி புக்கோட இன்சூரன்ஸ் பேப்பர எடுங்க. முடியுற தேதிய மட்டும் கமெண்ட்ல போடுங்க, வண்டி நம்பர் வேண்டாம். கொல்லிமலை ஆளுங்க யாருக்காவது முடிஞ்சிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, ஆன்லைன்ல எப்படிப் புதுப்பிக்கிறதுன்னு நானே சொல்லித் தரேன்.

#செம்மேட்டில்_லைசென்ஸ்_முகாம் #கொல்லிமலைக்கு_பஸ்_விடு